வானத்துக் கணக்கும் தரைக் கணக்கும்

பெருநகரங்களின் மேல் சிவப்புத் திட்டுகள் படர்ந்த வரைபடத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். வண்டிப் புகையிலும் அனல்மின் நிலையப் புகையிலும் வெளிவரும் நைட்ரஜன் டை ஆக்சைடின் படம் அது. செயற்கைக்கோள் சொன்னது என்றால் நம்பிவிடுகிறோம். ஆனால் அது அந்த வாயுவை நேரடியாக அளப்பதில்லை.

2017 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளில் இருக்கிறது, இத்தகைய வரைபடங்களுக்குத் தரவு தரும் ட்ரோபோமி என்ற கருவி. 800 கிலோமீட்டருக்கும் மேலே இருந்து அது பார்ப்பது, பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலைத்தான். அந்த வெளிச்சத்தின் நீலப் பகுதியில் எது குறைந்திருக்கிறதோ அதை வைத்து, வழியில் இருந்த வாயுவைக் கணக்கிடுகிறது. சிக்கலும் அங்கேதான். தரையை ஒட்டிய காற்றுவரை போய்த் திரும்பும் வெளிச்சம் குறைவு. எனவே வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்பதை ஒரு கணினி மாதிரியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மாதிரியின் ஒரு கட்டம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம். ஒரு நகரத்தின் அடர்ந்த புகை அதற்குள் குடத்து நீரில் விழுந்த மைச்சொட்டாகக் கரைந்துவிடும்.

இதைச் சரிபார்க்கத் தரையில் பாண்டோரா என்ற கருவி நிற்கிறது. சூரியனை நேராகப் பார்ப்பதால் ஒளி வந்த பாதை அதற்குத் தெளிவு; அனுமானம் குறைவு. வானத்தைப் பல கோணங்களில் துழாவும் கருவிகளும் உண்டு. ஆனால் அளவுகோலையே முதலில் அளந்தாக வேண்டுமே! 2016 செப்டம்பரில் நெதர்லாந்தின் கபாவ் புல்வெளியில் இப்படிப்பட்ட 36 கருவிகளை நிறுத்தி, ஒரே நேரத்தில் ஒரே திசையைப் பார்க்க வைத்து ஒப்பிட்டார்கள். செயற்கைக்கோள் கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே நடந்த இந்தப் பொறுமையான வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ட்ரோபோமியின் அளவுகளைத் தரைக் கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்டதன் விடை 2021-இல் வெளியானது. மாசு குறைந்த இடங்களில் ட்ரோபோமி 23 முதல் 37 சதவீதம் குறைத்துக் காட்டியது. மாசு மிகுந்த இடங்களில் 51 சதவீதம் வரை. சிவப்பு எங்கே அடர்த்தியோ, அங்கேதான் பிழையும் அதிகம். மேகத்தின் உயரத்தைக் கணிக்கும் முறையைத் திருத்தியபின் இடைவெளி சற்றுக் குறைந்தது.

இடைவெளி முழுவதையும் பிழை என்று தள்ளவும் முடியாது. செயற்கைக்கோளின் ஒரு புள்ளி 5.5க்கு 3.5 கிலோமீட்டர், பாண்டோரா பார்ப்பதோ சூரியனை நோக்கிய ஒற்றைக் கோடு. தவிர, ட்ரோபோமி ஓர் ஊரைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். காலை நெரிசலில் நீங்கள் சுவாசித்த புகை அதன் கணக்கில் வராது.

அடுத்த முறை அந்த வரைபடத்தைப் பார்க்கும்போது, உங்கள் ஊரில் தரைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.