வாராதிருத்தலும் வழிபாடு ஆகுமோ?

அடியார்கள் திரளாகக் கூடுவதே உத்ஸவத்தின் அழகு. சந்நிதி வரை நடக்கமாட்டாதவரும் தன்னைச் சேவிக்கவேண்டும் என்றே எம்பெருமான் வீதியில் எழுந்தருளுகிறான். அப்படியிருக்க, கொள்ளைநோய்க் காலத்தில் யாத்திரையைக் கைவிடுதல் பக்திக்குக் குறையன்றோ என்று கேட்பாருண்டு.

இக்கேள்வியைக் காவிரிக் கடைமடை நாடு நேரிலே சந்தித்தது. நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, கடற்கரை ஊராகிய வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடியேறி, செப்டம்பர் 8ஆம் நாள் வரை மாதா திருவிழா நடைபெறும். காவியுடுத்துப் பாதயாத்திரையாக வருவோர் பலர். அவருள் இந்துக்களும் உளர். கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் அவ்விழா யாத்திரிகர்கள் இன்றியே நடந்தேறியது. அடுத்த விழாவைக் காண்போமோ என்றிருந்த முதியவர்க்கு அது சிறு இழப்பன்று.

ஜகந்நாதபுரியிலும் 2020ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ரதோத்ஸவம் பக்தர் திரளின்றியே நடந்தது. வடம் பிடிப்போர் தேர் ஒன்றுக்கு 500 பேருக்கு மேற்படலாகாது, அனைவரும் பரிசோதனை செய்துகொண்டவராயிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. அத்தலத்திலேயே மற்றொரு மரபும் உண்டு. ஆனி மாதத்தையொட்டி வரும் பௌர்ணமியன்று திருமஞ்சனம் கண்டருளிய பெருமானுக்கு ஜுரம் கண்டதாகப் பாவித்து, ஏறக்குறைய 15 நாள் பொதுஸேவையை நிறுத்தி, மருந்து ஸமர்ப்பிப்பர். ஜகத்துக்கெல்லாம் நாதனே நோயின்போது தனித்திருந்து காட்டுகிறான் எனில், அடியார் தனித்திருத்தல் எங்ஙனம் குறையாகும்?

“எம்பெருமான் காப்பான், அஞ்சேன்” என்பது உயர்ந்த விசுவாசமே. ஆயின் அவ்விசுவாசத்தால் ஒருவன் தன் உடலைப் பணயம் வைக்கலாம். அருகில் நிற்கும் மூதாட்டியின் உடலை வைக்க அவனுக்கு உரிமையேது? இந்நோய், அறிகுறி தோன்றுமுன்னரே ஓரிரு நாள் பிறரைத் தொற்றவல்லது. இருமலால் மட்டுமன்றிப் பேச்சாலும் பாட்டாலும் மூச்சாலும் பரவும். காற்றோட்டமில்லாத மண்டபத்திலும் மூடிய பேருந்திலும் எளிதிற் பற்றும். தன்னிடத்துச் செய்யும் பிழையைப் பகவான் பொறுப்பான், பாகவதரிடத்துச் செய்யும் அபசாரத்தைப் பொறான் என்பது பெரியோர் துணிபு. சரணாகதியின் அங்கங்களுள் ஆநுகூல்ய ஸங்கல்பத்தோடு ப்ராதிகூல்ய வர்ஜனத்தையும் சேர்த்து வைத்தனர். நன்மை செய்யத் துணிதல் மட்டும் போதாது. தீங்கைத் தவிர்த்தலும் வேண்டும்.

ஆகவே நோய் பரவுங்காலத்தில் காய்ச்சலோ இருமலோ கண்டவர் பயணத்தை ஒத்திவைத்து, இல்லத்திலிருந்தே தியானிப்பாராக. புறப்படுவோர் தடுப்பூசி செலுத்திக்கொண்டு, நெரிசலில் மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணிவாராக. வாகனத்தின் ஜன்னல்களைத் திறந்துவைத்தலும், மூடிய கூடத்தைவிடத் திறந்த வெளியில் தங்குதலும் நன்று. உண்ணுமுன் சோப்பினால் 20 வினாடியேனும் கைகழுவுதல் வேண்டும். முதியோர்க்கும் நெடுநோயாளர்க்கும் கூட்டம் குறைந்த வேளையில் வழிவிடுவதும் ஒரு கைங்கர்யமே.

நேர்ந்துகொண்ட யாத்திரையை மறு ஆண்டிலும் செலுத்தலாம். போன உயிரை மீட்கவொண்ணாது. பிறர் நலம் கருதி வாராதிருந்தவனின் வெறுமையான இடத்தையும் எம்பெருமான் கடாக்ஷித்தே செல்வான்.