இனம் என்ற ஒரு சொல்

எமது உயிரியற் பாடநூல்கள் உயிரங்கிகளைப் பாகுபடுத்துவதற்கு ஓர் ஏணியைக் கற்பிக்கின்றன. இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று அது மேலிருந்து கீழாக இறங்கும். விஞ்ஞானம் படிக்காத ஒருவரிடம் இச்சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஏதோ அரசியல் கூட்டத்திலோ கலியாணப் பேச்சிலோ கேட்ட சொற்கள் என்றே அவர் நினைப்பார். மாவும் கஜுவும் ஒரே குடும்பம் என்றால் புன்னகைப்பார். சிங்கமும் சிறுத்தையும் ஒரே சாதி என்றால் கொஞ்சம் யோசிப்பார். மனிதர் எல்லோரும் ஒரே இனம் என்றால், "அதெப்படி சேர்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி நியாயமானது. நான் கிராமப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன். தரம் 10 மாணவர்கள் 'இனம்' என்ற சொல்லை என்னிடமிருந்து கற்றுக்கொள்வதில்லை. வகுப்புக்கு வரும்போதே அதைக் கொண்டு வருகிறார்கள். பிறப்புச் சான்றிதழிலும் குடிசன மதிப்பீட்டுப் படிவத்திலும் வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் அது அவர்களுக்கு முன்பே அறிமுகமாகிவிட்டது. படிவத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று நிரப்பும் அதே பிள்ளை, பரீட்சைத் தாளில் 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்று எழுதுகிறது. இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே தலைப்பு: இனம்.

இதற்காகக் கலைச்சொல்லாக்கம் செய்த எமது மூத்தோரைக் குறை கூறுவதற்கில்லை. இலத்தீன் மூலமே உறவுமுறையின் மொழிதான். நாம் சாதி என்று சொல்வதன் மூலச்சொல் பிறப்பு, கால்வழி என்ற பொருளுடையது. குடும்பம் என்பது அங்கேயும் வீட்டாரைக் குறித்த சொல். இனம் என்பதற்கான சொல்லுக்கு மாத்திரம் தோற்றம் என்று பொருள். தமிழ்நாட்டார் பேரினம், சிற்றினம் என்று வேறுவிதமாகப் பெயரிட்டார்கள். எந்தப் பெயரை வைத்தாலும் மனிதன் இயற்கையைத் தன் வீட்டு மொழியிலேயே எண்ணிப் பார்க்கிறான். சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. இயற்கைக்கு இரவல் கொடுத்த சொல் விஞ்ஞானத்தின் முத்திரையோடு திரும்பி வரும்போது, அதை எமது சண்டைகளுக்குச் சாட்சியாக நிறுத்திவிடுகிறோம்.

உயிரியல் இனம் என்று எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1942 இல் ஏர்ன்ஸ்ட் மேயர் தெளிவுபடுத்திய வரைவிலக்கணமே இன்றுவரை பாடசாலைகளில் பயிலப்படுகிறது. இயற்கையில் தமக்குள் இனங்கலந்து வளமான எச்சங்களை உருவாக்கக்கூடிய குடித்தொகைகள் ஓர் இனம். எங்கள் பக்கத்துப் பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடும் எருமையும் ஒரே வெளியில் மேய்கின்றன, ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கின்றன. ஆனால் அவற்றுக்கிடையே ஒரு கன்று பிறந்ததை எவரும் கண்டதில்லை. நெடுந்தீவின் குதிரையையும் மன்னாரின் கழுதையையும் சேர்த்தால் கோவேறு கழுதை பிறக்கும். ஆனால் குதிரையின் நிறமூர்த்தங்கள் 64, கழுதையின் நிறமூர்த்தங்கள் 62. இரண்டுக்கும் பிறந்தது 63 ஐச் சுமந்துகொண்டு பெரும்பாலும் மலடாகவே நின்றுவிடும். மறுபுறத்தில், தெருவில் திரியும் நாயும் பொலிஸாரின் மோப்ப நாயும் பார்வைக்கு எவ்வளவோ வேறுபட்டாலும் ஒரே இனம். இதிலிருந்து மாணவன் பெறவேண்டிய முதற்பாடம், கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இனத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது.

இந்த அளவுகோலை மனிதன்மேல் வைத்தால் விடை ஒன்றுதான். உலகின் எந்த மூலையில் உள்ள ஆணும் பெண்ணும் பிள்ளை பெறலாம், அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கும். எந்த இருவருடைய டீ.என்.ஏ.யை எடுத்து ஒப்பிட்டாலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்தே வேறுபடுகிறது. ஆபிரிக்கக் காடுகளில் எஞ்சியிருக்கும் சிம்பன்சிகளுக்கிடையே உள்ள மரபு வேறுபாடு எண்ணூறு கோடி மனிதருக்கிடையே உள்ளதைவிட அதிகம். 1972 இல் ரிச்சர்ட் லெவொன்ரின் குருதி வகைகளையும் புரதங்களையும் கொண்டு செய்த கணக்கின்படி, மனிதரிடையே காணப்படும் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு குடித்தொகைக்கு உள்ளேயே இருக்கிறது. அதாவது என்னையும் என் அடுத்த வீட்டுக்காரரையும் பிரிக்கும் வேறுபாட்டோடு பார்க்கையில், என் சமூகத்தையும் அயற் சமூகத்தையும் பிரிக்கும் வேறுபாடு சொற்பம்.

ஆனாலும் விஞ்ஞானம் இந்த இடத்துக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை. உயிரினங்களுக்கு இரு சொற்பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758 இல் வெளியிட்ட பதிப்பில் மனிதனை ஒரே இனமாகத்தான் வைத்தார். அதே பக்கங்களில் கண்டத்துக்கொன்றாக நான்கு வகைகளையும் பிரித்தார். தோலின் நிறத்தோடு குணத்தையும் சேர்த்தெழுதினார். ஐரோப்பியர் கூரறிவும் புனைதிறனும் உடையவர், ஆபிரிக்கர் சோம்பேறிகள் என்பது போன்ற தீர்ப்புகள் பூக்களின் கேசரங்களை அத்தனை நுணுக்கமாக எண்ணிய அதே பேனாவிலிருந்து வந்தன. பின்வந்தோர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 1871 இல் டார்வின் அந்தப் பட்டியலைத் தொகுத்தபோது, மனிதப் பிரிவுகள் இரண்டு என்றவரிலிருந்து அறுபத்து மூன்று என்றவர்வரை அறிஞர்கள் இருந்தார்கள். அளக்கும் ஆளுக்கு ஆள் இத்தனை தூரம் மாறும் ஒன்றை இயற்கையின் கோடு என்று சொல்வதெப்படி?

எமது சமூகத்தின் வரலாற்றிலும் இப்படியோர் அளவெடுப்பு நடந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். மொழி, பழக்கவழக்கம், உடற்றோற்றம் ஆகியவற்றைக் காட்டிச் சோனகர் தமிழரே என்று வாதிட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதி, அறபு வழித்தோன்றலை எடுத்துக்காட்டினார். எங்கள் எழுத்தாளர்கள் இவ்விவாதத்தைப் பலமுறை எழுதிவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அன்று உண்மையில் தேவைப்பட்டது என்ன? சட்டநிருபண சபையில் எமக்கெனத் தனிக் குரல் வேண்டுமா என்பதே அக்காலத்தின் பிரச்சினை. 1889 இல் முஸ்லிம்களுக்கென ஓர் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். அரசியல் நீதி பற்றிய ஒரு கேள்வி, மூதாதையரின் இரத்தம் பற்றிய கேள்வியாக வேடமணிந்து வந்தது. ஒரு சமூகத்துக்குத் தன் குரலைக் கேட்கச் செய்யும் உரிமை, அதன் முதற் பாட்டன் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினான் என்பதில் தங்கியிருப்பதில்லை. அறபுப் பாட்டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உரிமை இருந்தது.

மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். மொழி ஒன்று, ஆகவே நாம் ஒன்று என்ற வாதம் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைக் காக்கவில்லை. அவர்கள் தமிழிலேயே பேசி, தமிழிலேயே கெஞ்சி, தமிழிலேயே அழுது வெளியேறினார்கள். வேறுபாடு உரிமையைப் பறிக்காதது போலவே, ஒற்றுமையும் தானாக வந்து உயிரைக் காப்பதில்லை.

மனிதர் எல்லோரும் ஒரே இனம் என்று வகுப்பில் கற்பித்துவிட்டால் போதும், பகை ஒழிந்துவிடும் என்று நம்பும் நல்லாசிரியர்கள் உண்டு. அவர்களுடைய எண்ணம் உயர்ந்தது. எனக்கு அதில் ஓர் ஐயம். கொலை செய்தவன் எவனும் தான் கொல்வது மனிதனல்ல என்று உயிரியல் ரீதியாக நம்பியதில்லை. வேறு விலங்கென்று நினைத்திருந்தால், அவமானப்படுத்தும் தேவையே அவனுக்கு இருந்திராது. மனிதன் என்று தெரிந்ததனால்தான் அவமானப்படுத்தினான்.

இன்னொன்றையும் யோசிக்கலாம். இனத்தின் வரைவிலக்கணமே எங்கும் இறுக்கமானதல்ல. பற்றீரியாக்கள் கூடிப் பெருகுவதில்லை, ஆகவே மேயரின் கோடு அவற்றுக்குப் பொருந்தாது. மிருகக்காட்சிச் சாலைகளில் சிங்கத்துக்கும் புலிக்கும் பிறந்த பெண் குட்டிகள் சில, பின்னர் தாமும் ஈன்றிருக்கின்றன. எமக்கு முந்திய நியண்டர்தால் மனிதரைத் தனி இனமென்றே பலர் வைத்தார்கள். 2010 இல் அவர்களுடைய டீ.என்.ஏ. வாசிக்கப்பட்டபோது, ஆபிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் உடலில் அவர்களுடைய பங்கு சுமார் 2 சதவீதம் இன்னும் இருப்பது தெரியவந்தது. அவர்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோனார்கள். மறையாமல் இன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வயல் செய்துகொண்டிருந்தால்? அவர்கள் வேறு இனம் என்று ஒரு பேராசிரியர் தீர்ப்பளித்தால் அவர்களுடைய காணியைப் பறிக்கலாமா? அவர்களுடைய பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்காமல் போகலாமா? 'கூடாது' என்று உங்கள் மனம் சொல்கிறதென்றால், அந்தக் 'கூடாது' உயிரியலிலிருந்து வரவில்லை. அது வேறோர் ஊற்றிலிருந்து வருகிறது. நோவை நோவென்று உணரும் இன்னொரு உயிர் எதிரே நிற்கிறது என்ற அறிவிலிருந்து வருகிறது.

அப்படியானால் உயிரியலைக் கற்பிப்பதால் என்ன பயன்? பயன் உண்டு. உயிரியல் நீதியைத் தராது. ஆனால் அநீதி சொல்லும் சாட்டைப் பறித்துவிடும். இது சிறிய வேலையல்ல.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் உணவகமொன்றில் பரிமாறிய உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் கூறி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்றே தெரியவந்தது. ஒரு முறை சாப்பிட்டால் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை. இனப்பெருக்கத் தொகுதியை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அந்த வதந்தி உடனே உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த வதந்தியின் அடியில் கிடந்தது மாத்திரை பற்றிய அறியாமை மாத்திரமல்ல. அயலவனை ஒரே வாழிடத்துக்குப் போட்டியிடும் வேறோர் இனமாகவும், அவனுடைய பிள்ளைகளைத் தன் அழிவாகவும் காணும் பார்வை அது. வளமான எச்சங்கள் என்ற எங்கள் பாடநூற் சொல் அங்கே பயமாக மாறி நின்றது. படிவத்து இனத்தைப் பாடநூல் இனமாக எடுத்துக்கொண்டதன் விலை, எரிந்த கடைகளும் உடைந்த பள்ளிவாசலும்.

இந்தப் பார்வை பிறரிடம் மாத்திரம் இருப்பதாக எழுதினால் நான் நேர்மையற்றவன். எமது ஊர்களிலும் சம்பந்தம் பேசும்போது, சுன்னத்துச் செய்யும் தொழில் பார்த்த குடும்பம் என்று அறிந்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து போவோர் இருக்கிறார்கள். பள்ளியில் ஒரே ஸப்பில் தோளோடு தோள் நின்றவர்கள்தான் அவர்கள். தொழில் இரத்தத்தில் ஓடுவதாக நினைப்பதற்கு எந்தப் பரம்பரையலகும் ஆதாரமில்லை. இங்கும் 'குடும்பம்' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது.

சொல்லை மாற்றிவிடலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். படிவத்தில் 'இனக்குழுமம்' என்றும் பாடநூலில் வேறொன்றும் வைக்கலாம். வைத்தால் நல்லதுதான். ஆனால் சொல் மாறினாலும் பழைய நினைப்பு புதிய சொல்லில் குடியேறிவிடும். அதைவிட, அந்தச் சொல் எத்தனை வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது பயன்தரும் என்பது என் எண்ணம். இந்த இனம் இயற்கையின் குடித்தொகை. அந்த இனம் வரலாறும் மொழியும் நம்பிக்கையும் ஞாபகமும் சேர்ந்து உண்டாக்கிய கூட்டம். இரண்டாவது பொய்யென்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது வீடுதான். ஆனால் அதற்கு நிறமூர்த்தம் கிடையாது.

தமிழில் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. திருக்குறளின் 46 ஆம் அதிகாரம் சிற்றினஞ்சேராமை. அங்கே இனம் என்பது பிறப்புமல்ல, குருதியுமல்ல. ஒருவன் யாரோடு கூடியிருக்கத் தீர்மானிக்கிறான் என்பதே அங்கு இனம். தமிழ்நாட்டுப் பாடநூல் உயிரியலுக்கு எடுத்துக்கொண்ட 'சிற்றினம்' என்ற சொல் வள்ளுவரிடம் தீயோர் கூட்டத்தைக் குறித்தது. முதலாவது இனத்தில் நாம் எல்லோரும் ஒன்று, அதில் எமக்கு எந்தப் பெருமையும் இல்லை. இரண்டாவதில் பிறந்து விழுந்தோம், அதற்கு எம்மைப் பொறுப்பாக்க முடியாது. மூன்றாவதை மாத்திரமே நாம் தெரிவு செய்கிறோம். கடை எரிக்கப் போகும் கூட்டத்தில் நிற்பதா, அயலவனின் கதவருகே நிற்பதா என்ற தெரிவு அது. எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை. நாம் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.