பச்சைக் கொடி பிடித்தவர்

எங்கள் புதுக்கோட்டையில் மீட்டர் கேஜ் பாதையில் கரி என்ஜின் ஓடிய நாட்களில், ரயில் பயணம் என்றால் வீட்டில் முதலில் எடுத்து வைப்பது ஒரு பழைய துண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். திருச்சி போய்ச் சேருவதற்குள் வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்துவிடும். என் மாமா அந்த என்ஜினைத் திட்டாத பயணமே கிடையாது. அதே புகையைத் தேடி நான் மேட்டுப்பாளையம்வரை போய், டிக்கெட்டுக்குத் தவம் கிடந்ததை அவர் கண்டிருந்தால், "உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்றுதான் கேட்டிருப்பார்.

நியாயமான கேள்வி. அன்றைய தொல்லை இன்று எப்படி இன்பமாயிற்று? குன்னூருக்கு பஸ் இருக்கிறது. வேண்டாமென்றால் அதில் போகலாம். அந்தச் சுதந்திரந்தான் கரியையும் இனிக்கச் செய்கிறது. ஏகாதசிப் பட்டினியும் இல்லாதவன் பட்டினியும் ஒன்றாகுமா?

ஆனால் நம் சுதந்திரம் வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் உண்டா?

பொள்ளாச்சிக்கு அப்பால், பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுபோகக் கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம் பாதை போட்டிருந்தது. 1907இல் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர். செங்குத்துச் சரிவுகளில், மரமேற்றிய வண்டி இறங்குகிற கனத்திலேயே, கம்பிக்கயிற்றின் மறுமுனையில் காலி வண்டி மேலேறும். 1963இல் அதை மூடிவிட்டார்கள். இன்றும் ஓடினால் நாம் அதிலும் ஏறியிருப்போம். காட்டைத் தின்ற வண்டியில் அமர்ந்தே காட்டின் அழகை மெச்சியிருப்போம். மரம் தூக்கிய தோள்கள் நம் நினைவுக்கு வந்திருக்குமா? எனக்கு வந்திராது. சொல்லுகிறேன்.

நீலகிரி ரயில் 1899இல் குன்னூரைத் தொட்டது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம்! எனக்கு முதல் பெட்டியில் முன் இருக்கை கிடைத்திருந்தது. பெருமைக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் வெளியே, திறந்த மேடையில், காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்று மலையை மறைத்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் தட்டி, ஒதுங்கும்படி சைகை செய்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார், ஒதுங்கவில்லை.

ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் விஷயம் விளங்கிற்று. மலை ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னே பாதையில் பாறை விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்பது டிரைவருக்குத் தெரியாது. முன் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ காட்ட வேண்டும். வண்டிக்கே கண்ணாக நின்றவரை நான் என் கண்ணுக்கு மறைப்பு என்று எண்ணியிருக்கிறேன்.

இன்பப் பயணம் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. மறுபடியும் போவேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இருப்பதால்தான் அவருடைய தொழில் பிழைத்திருக்கிறது என்றுகூட வாதாடலாம். வாதாடியும் பார்த்தேன், மனத்துக்குள். மாமாவின் துண்டைப் போல எல்லாவற்றையும் துடைக்க அந்த வாதம் போதவில்லை.

இறங்கிப்போய், "மன்னிக்கணும், தெரியாமல் செய்துவிட்டேன்" என்றேன்.

"பரவாயில்லை சார், எல்லோரும் செய்றதுதான்" என்றார் அவர். ஊதல் கேட்டது. கொடியை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி, அதே இடத்தில் நின்றார்.