உறையைக் கழற்றுங்க டீச்சர்!

ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் நம் கொங்கு நாட்டுப் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கம்ப்யூட்டருக்குத் திருநீற்றுப் பட்டை. பிரிண்டருக்குச் சந்தனப் பொட்டு. சுவரில் மாட்டிய ஸ்மார்ட் போர்டின் நாலு மூலையிலும் குங்குமம். பூஜைக்காகக் கழற்றிய உறையை மறுபடி மாட்டிக் கயிறும் கட்டியாகிவிட்டது. இனி அதிகாரி யாராவது பார்வையிட வந்தால்தான் அந்தக் கயிறு அவிழும். எல்லாப் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கிற ஆசிரியர்கள் பல பேருக்கு இப்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்திருக்கும்.

எதற்கு அந்த உறை? தூசி படியக் கூடாது என்பீர்கள். நான் நம்ப மாட்டேன். பால்காரருக்கு ஜிபேயில் பணம் அனுப்புகிறீர்கள். பெங்களூரில் இருக்கிற மகனோடு வீடியோ காலில் பேசுகிறீர்கள். ஒப்பணக்கார வீதிக்குப் போகாமலே சேலை வாங்குகிறீர்கள். மெஷினைக் கண்டு உங்களுக்குப் பயமில்லை. உங்கள் பயம் வேறு. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொட்டது திறக்காமல், திறந்தது மூடாமல் கை தடுமாறினால்? கடைசி பெஞ்சிலிருந்து "டீச்சருக்கே தெரியலடா" என்று ஒரு சிரிப்பு கிளம்பினால்? இருபது வருடமாகச் சேர்த்த மரியாதை அதோடு போச்சு என்று நினைக்கிறீர்கள். உறை மூடியிருப்பது போர்டை அல்ல, அந்தப் பயத்தை.

போகாது டீச்சர். அந்தச் சிரிப்பு வரட்டும். "தெரியல கண்ணு, உனக்குத் தெரிஞ்சா வந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்தவனே எழுந்து வருவான். அப்பாவின் செல்போனில் விரல் பழகியவன். ஒரு நிமிடத்தில் திறந்து கொடுத்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திறந்த பிறகு என்ன கேள்வி கேட்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, நாற்பது முகத்தில் எந்த முகம் இன்னும் தெளியவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பொத்தான் அவனுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். பாடம் உங்களுடையது.

உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்கிற வார்த்தை இல்லை இது. மெஷின் வந்து வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்ற ஜோசியத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சினிமா வந்துவிட்டது, பள்ளிக்கூடங்களில் இனிப் புத்தகத்துக்கு வேலை இருக்காது என்று 1913-லேயே சொன்னார் எடிசன். மின்விளக்கு விஷயத்தில் ஜெயித்தவர் இதில் தோற்றார். அவ்வளவு பின்னால் போக வேண்டாம். பெரு நாட்டு அரசு ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி கொடுத்தது. 2012-ல் வந்த ஆய்வு, கணக்கிலும் வாசிப்பிலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை என்று கையை விரித்தது. பெட்டி வந்தது. பெட்டியை வைத்து என்ன செய்வது என்று ஆசிரியரை யாரும் சரியாகத் தயார் செய்யவில்லை. யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட கல்வி அறிக்கை, இந்தக் கருவிகள் யாருடைய நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு வகுப்பறைக்குள் வருகின்றன என்று தலைப்பிலேயே கேட்டது. என் பதில்: உங்கள் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு வரட்டும். நிபந்தனை போட வேண்டுமானால் முதலில் அதைத் தொட்டுப் பழக வேண்டும். தொடாதவர் போடும் நிபந்தனையை யார் மதிப்பார்கள்?

நம் தமிழ்நாட்டில் கருவிக்கு இன்று பஞ்சமில்லை. 2018-ல் பாடப்புத்தகத்துக்குள் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அப்புறம் ஹைடெக் லேப், மணற்கேணி செயலி, 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள். கோப்பில் இவை எண்கள். உங்கள் வகுப்புக்குள் வந்ததும் என்ன ஆகின்றன என்பதுதான் என் கவலை.

ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு, மின்னோட்டவியல், ஓம் விதி. கரும்பலகையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு வரைந்து, V = IR எழுதி, நாலு கணக்குப் போட்டு முடித்துவிடலாம். காலங்காலமாக அப்படித்தான் முடிக்கிறோம். இப்போது பெட் என்ற இலவசத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் மின்சுற்றை நாமே கட்டலாம். ஒயரை இழுத்து, பேட்டரியை வைத்து, பல்பை மாட்டினால் உள்ளே எலெக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஊர்ந்து போவது தெரியும். பேட்டரியைக் கூட்டினால் வேகம் கூடும். இரண்டு முனையையும் நேராக ஒயரால் இணைத்துவிட்டால் திரையில் தீப்பிடிக்கும். வகுப்பே கத்தும். கத்தட்டும். நிஜ ஒயரில் இதைச் செய்து காட்ட எந்தத் தலைமையாசிரியர் அனுமதிப்பார்?

அங்கே நிறுத்துங்கள். கேள்வி கேளுங்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பையன் உங்களைக் கேட்பான். அவன் அன்னூர்ப் பக்கமோ சுல்தான்பேட்டைப் பக்கமோ தோட்டத்திலிருந்து வருகிறவனாக இருப்பான். "ஏனுங்க டீச்சர், வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் கொறையும்னு சொல்றீங்க. எங்க தோட்டத்துல வோல்டேஜ் கொறஞ்சாத்தானுங்க மோட்டார் காயில் எரியுது?"

இந்தக் கேள்விக்கு அந்தத் திரையில் பொத்தான் இல்லை. கொலராடோவில் உட்கார்ந்து அதைச் செய்தவர்களுக்கு நம் தோட்டத்து லோ வோல்டேஜ் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பல்பு மாதிரி மோட்டார் வெறும் மின்தடை இல்லை, தலையில் சுமை ஏறிய இயந்திரம் என்று நீங்கள் சொல்வீர்கள். வோல்டேஜ் விழுந்தாலும் போர்க்குழியிலிருந்து அதே தண்ணீரைத்தான் அது தூக்கியாக வேண்டும். சுற்று வேகம் குறையும், கரண்டைக் கூடுதலாக இழுக்கும், சூடு ஏறும், காயில் மேல் பூசிய எனாமல் கருகும். இந்தப் பதிலைச் சொல்கிற அந்த ஐந்து நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரை எழுப்பிய கேள்வி, ஆசிரியர் சொன்ன பதில். மெஷின் உங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை ஒரு முறை அனுபவித்தால் போதும். பதில் உடனே நினைவுக்கு வரவில்லையா? "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் சொல்லுங்கள். அதில் மரியாதை கூடத்தான் செய்யும்.

நெட் கிடைக்காது என்பீர்கள். பெட் சிமுலேஷனை வீட்டில் இறக்கி பென் டிரைவில் எடுத்துப் போனால் நெட் இல்லாமலே ஓடும். பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. கணக்கு ஆசிரியருக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அறிவியல் செய்முறைகளுக்கு, நம் எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் இருக்கிறது. எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. சாக்கு என்ற கணக்கில் இனி எதை எழுதப் போகிறீர்கள்?

இந்த மண்ணுக்கு இது முதல் மெஷினும் இல்லை. கவலை ஏற்றத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் மலையிறங்கி வந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். ஸ்டார்ட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று நம் தாத்தாக்களுக்கும் கை நடுங்கியிருக்கும். ஆனால் உறை போட்டு மூடி வைக்கவில்லை. பள்ளிக்கூடமே போகாதவர்கள் ஒரு வருடத்தில் ஃபியூஸ் போடக் கற்றார்கள், அடுத்த தலைமுறை வைண்டிங் கட்டக் கற்றது, அதற்கடுத்த தலைமுறை கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை வைத்து நாடு முழுக்கப் பம்ப்செட் அனுப்பியது. ஜி.டி. நாயுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கியவர். வாங்கியதும் பந்தாவாக ஊரைச் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார். ஒழுங்காகப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் செய்தது அது. நீங்கள் பி.எட். படித்தவர். ஒரு ரிமோட்டுக்கா தயங்குகிறீர்கள்?

அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்காது என்கிற வேதாந்தம் இன்னொன்று. காரமடை ஒன்றியத்து ராமம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மறந்துவிட்டீர்களா? சின்ன ஊர், சின்னப் பள்ளி, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். பத்து வருடத்துக்கும் முன்பே அங்கே கணினியும் குளிர்சாதன வசதியும் உள்ள வகுப்பறை எழுந்தது. ஆசிரியர்கள் ஊர்க்காரர்களிடம் போய்ப் பேசினார்கள், ஊர் காசு கொடுத்தது, பத்திரிகைகள் தேடிவந்து எழுதின. ஏசி முக்கியமில்லை. ஏசி இல்லாமலும் படிக்கலாம், வேப்பமரத்தடியிலும் படிக்கலாம். ஆர்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் ஊரின் வாசலில் போய் நின்றார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம்.

சரி, உங்கள் பக்க நியாயத்துக்கும் வருகிறேன். பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்தின் பெயரைக் கேட்டாலே உங்களுக்கு எரிகிறது. அந்த எரிச்சல் நியாயம். காலையில் முதல் வேலையாக வருகைப்பதிவு ஏற்ற முயன்றால் சர்வர் சுற்றுகிறது. அதற்குள் ஒரு பீரியடில் பாதி போய்விடுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் டேட்டா ஏற்ற உட்கார்ந்தால் ஐந்து வகுப்பையும் மற்றவரே மேய்க்க வேண்டும். இது பதிவு வேலை. இதற்குக் கற்பித்தல் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்து உங்கள் தலையில் கட்டக் கூடாது. சங்கத்தில் பேசுங்கள், மனுக் கொடுங்கள், சத்தம் போடுங்கள். ஆனால் அந்தக் கோபத்தை அறிவியல் வகுப்பின் மேல் காட்டாதீர்கள். கெடுப்பது சர்வர், தண்டனை பிள்ளைக்கா?

பயிற்சி வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வட்டார வள மையத்தில் கருத்தாளர் ஒருவர் பிபிடியைப் போட்டு எழுத்துக்கு எழுத்து வாசிப்பார். பதினோரு மணிக்கு டீயும் வடையும். சாயங்காலம் கையெழுத்து. கையில் கருவியைத் தொடாமலே "பயிற்சி பெற்றவர்" ஆகிவிடுவீர்கள். நீச்சலைப் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிற கதை இது. இப்படிப்பட்ட பயிற்சியில் எழுந்து நின்று, "எங்க கையில குடுங்க, நாங்க செஞ்சு பாக்கறோம்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே 2001-லேயே ஐடி@ஸ்கூல் தொடங்கிவிட்டார்கள். பள்ளி ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கி, அவர்களை வைத்தே மற்ற ஆசிரியர்களைத் தயார் செய்தார்கள். 2017-ல் அது கைட் என்ற தனி நிறுவனமாகவே வளர்ந்தது. ஆசிரியருக்கு ஆசிரியர் சொன்னால்தான் இறங்கும், ஏனென்றால் சொல்பவருக்கும் மூன்றாவது பீரியடில் கரண்ட் போன அனுபவம் இருக்கும். நம் குறுவள மையக் கூட்டத்தில் அடுத்த முறை நீங்கள் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைப் பத்துப் பேருக்குக் காட்டுங்கள்.

இன்னொன்றும் கேட்பேன். அடுத்தவர் செய்த வீடியோவையே எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? நீங்களே ஒன்றைச் செய்யுங்கள். மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்தான் பெரியசாமித் தூரன். அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டுதான் தமிழின் கலைக்களஞ்சியம் 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது, மொத்தம் பத்துத் தொகுதி. கூகுள் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. கார்டும் பேனாவும் தபாலும்தான். நம் ஊர் வாத்தியார் செய்த வேலை அது. 2017-ல் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியா பயிற்சி நடந்தபோது பல ஆசிரியர்கள் தமிழில் கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி, நொய்யலைப் பற்றி, சோமனூர் விசைத்தறியைப் பற்றி நாலு நிமிட வீடியோ செய்ய உங்களுக்கு ஸ்டூடியோ வேண்டாம். கையில் இருக்கிற செல்போன் போதும். ஏஐ கூட இன்று தமிழில் கேள்வித்தாள் எழுதித் தருகிறது. அதில் எந்தக் கேள்வி தப்பு, எந்த விடை தப்பு என்று சிவப்பு மை போட உங்களை விட்டால் ஆள் ஏது?

ஆகவே, வருகிற திங்கட்கிழமை. ஆண்டுத் திட்டம் எதுவும் போட வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம், பத்தே நிமிடம். ஞாயிறு சாயங்காலம் வீட்டில் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவ் பையில் இருக்கட்டும், சாக்பீஸும் பையில் இருக்கட்டும். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து கரும்பலகையில் தொடருங்கள். போர்டைத் திறக்க வாயாடிப் பையனையே கூப்பிடுங்கள். மோட்டார் கேள்வி வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அந்த வகுப்பிலேயே வைண்டிங் பட்டறைக்காரரின் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். புதன்கிழமை ஒரு பீரியடு அப்பாவை வந்து பேசச் சொல்லுங்கள், எரிந்த காயில் ஒன்றையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.