கேளாமல் இடும் கையொப்பம்

மனம் ஈடுபடாமல் கை செய்த காரியம் அம்மனிதனுடைய கர்மமாகுமா என்ற வினா நம் தேசத்துத் தத்துவ விசாரத்தில் மிகப் பழையது. எண்ணித் துணியும் சேதனையே கர்மம் என்பது பௌத்தர் கொள்கை. மஜ்ஜிம நிகாயத்தைச் சேர்ந்த உபாலி சூத்திரத்தில், உடலால் நிகழும் வினையே கொடிது என்று வாதிக்க வந்த, சமண ஆசிரியர் நிகண்டரின் சீடர் புத்தரிடமே சரணடைகிறார் (சமணருடைய சொந்த நூல்கள் தம் கொள்கையை அவ்வளவு எளியதாகச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்). அவ்வினா இன்று நிரல் எழுதுவோரின் மேஜைக்கு வந்திருக்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இயற்றிய கிட் என்னும் கருவியில், ஒவ்வொரு மாற்றமும் கமிட் என்ற பதிவாகிறது; அதன்மீது தம் ரகசியச் சாவியால் கையொப்பமிடும் வசதி 2012இல் வந்தது; 2014இல் வெளியான இரண்டாம் பதிப்பிலோ, அமைப்பில் ஒருமுறை எழுதிவைத்தால் எல்லாக் கமிட்டுகளும் கேளாமலே ஒப்பமிடப்படும் ஏற்பாடு சேர்ந்தது. கடவுச்சொல்லைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும் துணைநிரல் ஒன்று சாவியைக் காத்து நிற்க, உரியவர் அறிந்தும் அறியாமலும் இடப்படும் அக்கையொப்பம், சாவி அவ்விடத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சியாகுமேயன்றி, அவர் வாசித்து இசைந்தார் என்பதற்குச் சாட்சியாகாது. டோர்வால்ட்ஸே ஒவ்வொரு கமிட்டிலும் ஒப்பமிடுவதை விரும்பவில்லை. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தியதன் அடையாள எண்ணைத் தன்னுள் கொண்டிருப்பதால், வெளியீட்டுக் குறியில் சிரத்தையோடு இடும் ஒரு கையொப்பமே அதற்கு முற்பட்ட வரலாறு முழுவதையும் தழுவிவிடும் என்பது அவர் கருத்து.

லினக்ஸ் கருநிரலில் 2004 முதல் வழங்கும் உறுதிமொழி வரி, இந்நிரலை அளிக்கும் உரிமை எனக்குண்டு என்று சொல்வது. கமிட் செய்யுந்தோறும் அதைத் தானே சேர்க்கும் அமைப்பைக் கிட் தரவில்லை. அது உணர்ந்து செய்யவேண்டிய காரியம் என்று அதன் ஆவணமே அறிவுறுத்துகிறது. சங்கல்பம் எங்கே வேண்டும், பழக்கம் எங்கே போதும் என்று பிரித்துக் கண்ட இவ்விவேகம் பாராட்டத்தக்கது.

ஜுஜுட்சு என்ற பின்வந்த கருவியில் சிக்கல் முற்றுகிறது. பணிசெய்யும் பிரதியே அங்கு ஒரு கமிட்டாதலால், ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளையும் அதைத் திரும்ப எழுதுகிறது. எழுதுந்தோறும் ஒப்பமிட்டால், விரலால் தொட்டு இசைவு தரவேண்டிய வன்பொருட் சாவி உடையவர் தொட்டுத் தொட்டே சலித்து, எதற்கு இசைகிறோம் என்பதையே மறந்துபோவார். ஆகவே புஷ் செய்து பிறரிடம் ஒப்படைக்கும் தருணத்தில் மட்டும் ஒப்பமிடும் வழியையும் அதில் வைத்திருக்கிறார்கள். இதுவே இயல்பான அமைப்பாதல் வேண்டும் என்பது என் துணிபு. பிறர் எழுதிய கமிட்டை நாம் திருத்த நேர்ந்தால் அதற்கும் நம் சாவியால் ஒப்பமிடும் முறை ஒன்றும் அங்குண்டு. எழுதியவர் பெயரும் பதிந்தவர் பெயரும் தனித்தனியே நிற்பதால் அதைப் பொய் என்று சொல்லமுடியாது. எனினும் விரும்பிக் கேட்டவருக்கன்றி அது வாய்த்தல் கூடாது.

இனி, இவ்வாறு கேளாமல் இடும் ஒப்பத்தினின்று ஒரு கமிட்டை விடுக்கும் விலக்கு. சிறப்பு விதி பொது விதியைத் தடுக்கும் என்ற இலக்கணிகளின் நியாயப்படி, கணினி முழுமைக்கும் உள்ள அமைப்பை கமிட்டுகள் சேரும் ஒரு களஞ்சியத்தின் அமைப்பும், அதனையும் கட்டளையோடு சேர்த்துத் தட்டும் மறுப்புச் சொல்லும் வெல்கின்றன. ஒப்பமிடுவது வழக்கமானபின், சேதனை ஐயமின்றி விளங்கும் இடம் இம்மறுப்பு ஒன்றே. அதற்கோ வரலாற்றில் சுவடு இல்லை. ஒப்பமில்லாத கமிட்டைக் காண்பவர், உரியவர் வேண்டுமென்றே விடுத்தாரா, வஞ்சகன் அவர் பெயரில் நுழைத்தானா என்று பிரித்தறிய வழியில்லை. விடுத்த காரணத்தை ஒரு வரியில் எழுதச் செய்யலாமெனில், ஒப்பமற்ற அவ்வரியை அவ்வஞ்சகனும் எழுதக்கூடும்.