உடைத்தவன் தலைகுனியட்டும்!

“கார்ல பையை வெச்சுட்டு எவனாவது போவானா?”

பக்கக் கண்ணாடி நொறுங்கி, சீட்டில் இருந்த லேப்டாப் பை காணாமல்போய், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறவரிடம் நம் ஊர் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டில் கேட்கிறார்கள். டீக்கடையில் கேட்கிறார்கள். புகார் கொடுக்கப் போன இடத்திலும் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு, பறிகொடுத்தவரே “என் தப்புதாங்க” என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்.

தலையை நிமிர்த்துங்கள்! உங்கள் காருக்குள் உங்கள் பொருளை வைப்பது குற்றம் என்று இந்த நாட்டின் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடுத்தவர் கார் கண்ணாடியை உடைப்பது குற்றம். உள்ளே கைவிட்டு எடுப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. 324-ஆம் பிரிவு அடுத்தவர் சொத்துக்குச் சேதம் செய்தவனைத் தண்டிக்கிறது. வெட்கப்பட வேண்டியவன் இருட்டோடு இருட்டாக ஓடிவிட்டான். அவன் படவேண்டிய வெட்கத்தை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்?

முன்னெச்சரிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. பையை டிக்கியில் வையுங்கள். அதையும் வண்டியை நிறுத்திய இடத்தில் நாலு பேர் பார்க்க வைக்காமல், கிளம்பும்போதே வையுங்கள். ஆனால் முன்னெச்சரிக்கை வேறு, பழி வேறு. பூட்டாத வீட்டில் திருடினாலும் அவன் திருடன்தான்.

சுங்குவார்சத்திரத்தில் இருப்பவர்களுக்கு இதை இன்னும் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாபாத் சாலை பிரியும் இந்த ஊரில் இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு ஷிஃப்ட் உறங்கப் போகும்போது இன்னொரு ஷிஃப்ட் பஸ் ஏறுகிறது. தென்மாவட்டத்திலிருந்து வந்தவர், தருமபுரியிலிருந்து வந்தவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் என்று வாடகை அறைகளில் நிறைந்திருக்கிற ஊர். கம்பெனிக்கு டிரிப் அடிக்கும் கால் டாக்ஸி டிரைவர், மாதத் தவணை கட்டிக்கொண்டே அந்த வண்டியை ஓட்டுகிறார். கண்ணாடி உடைந்த அன்று அவருக்கு டிரிப்பும் போகிறது, கூலியும் போகிறது. அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை என்ன? “வெளியூர்க்காரன் எனக்கு எதுக்குங்க வம்பு? போனது போகட்டும்.”

போனது போகட்டும்! இந்த இரண்டு சொற்கள் நம் மக்களிடமிருந்து பறித்ததை எந்தத் திருடனும் பறித்ததில்லை.

இந்தப் பகுதியின் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களே, உங்களைக் கேட்கிறேன். லைனில் ஒரு குறை கண்ணில் பட்டால் என்ன செய்யச் சொல்லி உங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? மறைக்காதே, கயிற்றை இழு, பட்டனை அழுத்து, சூப்பர்வைசரைக் கூப்பிடு, சிவப்பு டேக் கட்டு, எந்த நேரம் எந்த ஸ்டேஷன் என்று எழுது. ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்றால்கூட அதைப் பதிவேட்டில் ஏற்றுகிற ஒழுங்கு உங்கள் கைகளில் ஊறியிருக்கிறது. கம்பெனியின் போல்ட்டுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிற நீங்கள், உங்கள் சொந்த நஷ்டம் என்று வரும்போது மட்டும் ஏன் விழுங்கிவிட்டுப் போகிறீர்கள்? உங்கள் வியர்வை அந்த போல்ட்டைவிட மலிவா?

வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதி உணவு நஞ்சாகி, ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவேண்டி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியூர்க்காரர்கள். கையில் அதிகாரம் ஏதும் இல்லாதவர்கள். அவர்கள் “நமக்கு எதுக்கு வம்பு” என்று படுத்துக்கொள்ளவில்லை, இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரியில்தான் கதவு திறந்தது. 2024 ஆகஸ்ட்டில் அதே ஆலையின் பெண்களுக்காக வல்லம்–வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய நிறுவனம் ஒன்றைப் பதில் சொல்ல வைத்த தங்கைகள் நடமாடும் ஊரில், ஒரு கார் கண்ணாடிக்காகக் காவல் நிலையப் படி ஏறத் தயங்குவதா?

இன்னும் பின்னால் போனால், பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர். யாருக்கும் சொல்லாதே என்று குரு கட்டளையிட்ட மந்திரத்தை, திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே கேட்கச் சொன்னவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. அப்படிப்பட்டவர் பிறந்த மண்ணில், தனக்கு நேர்ந்த அநியாயத்தை ஒரு வெள்ளைத்தாளில் எழுதக் கூச்சமா?

சரி, என்ன செய்யவேண்டும்? உணர்ச்சி மட்டும் போதாது. வேலை தெரிந்த கைதான் நடுங்காது.

முதலில் எதையும் தொடாமல் போன் எடுத்துப் படம் பிடியுங்கள். நம்பர் பிளேட்டும் உடைந்த கண்ணாடியும் ஒரே படத்தில் வரட்டும். தெரு, எதிர்க்கடை, தரையில் கிடக்கும் சில்லு, கல்லோ இரும்புக் குண்டோ கிடந்தால் அதுவும். பிறகு 100 அல்லது 112-க்கு அழையுங்கள். சுற்றிலும் பாருங்கள்: டீக்கடை, லாட்ஜ், பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். என்று எங்கே கேமரா இருக்கிறது? அந்தப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் அன்றைக்கே பேசுங்கள். எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

பையோடு போன் போயிருந்தால் முதல் வேலை சிம்மை நிறுத்துவது, அடுத்தது வங்கிக்குச் சொல்லி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குவது. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. போனையே பயன்படாமல் செய்ய 2023 முதல் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அந்தப் படிவம் போலீஸ் புகாரின் நகலைக் கேட்கும். “புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது” என்பவர்களுக்கு இதுவே பதில்: புகார் இல்லாவிட்டால் அடுத்த கதவு ஒன்றும் திறக்காது.

புகார் எழுதுவது கடினமில்லை, தமிழிலேயே எழுதுங்கள். வண்டியை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், வண்டி எண் என்ன, என்னென்ன போயின, ஒவ்வொன்றின் மதிப்பு எவ்வளவு, லேப்டாப் என்றால் அதன் சீரியல் எண் என்ன. மதிப்பை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைப் புதிய சட்டம் வேறு வகையில் சேர்த்திருக்கிறது. இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் “பார்த்துட்டுக் கூப்பிடறோம், போங்க” என்றால் பணிவாக, ஆனால் நகராமல் நில்லுங்கள். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது உங்கள் கைக்கு வரவேண்டும். எஃப்.ஐ.ஆர். போடுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இன்னும் போகிறது. சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கவேண்டும். மின்னணு வழியில் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தரவேண்டும். “விசாரிச்சுட்டுத்தான் போடுவோம்” என்றால் அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதியும் 14 நாள் கெடுவும் உண்டு. மறுத்தால் காஞ்சிபுரம் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். இவ்வளவு படிகளும் உங்களுக்காகக் கட்டப்பட்டவை. ஏறாமல் போனால் யார் நஷ்டம்?

இன்சூரன்ஸ் விஷயத்தில் உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போடுங்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தால் வரும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழித்துக்கொள்ளும் கம்பெனிகள், கண்ணாடிக்குத் தேய்மானம் எதுவும் கழிக்கக் கூடாது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் 1,500 சி.சி. வரையிலான சொந்த உபயோகக் காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான் போகும். க்ளெய்ம் எடுத்தால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். உதாரணத்துக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்று வையுங்கள். உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருப்பதால் 5,000 கட்டுகிறீர்கள். கண்ணாடிக்கு ஆகும் செலவு 4,000 என்றால் க்ளெய்மில் கைக்கு வருவது 3,000, அடுத்த ஆண்டு கூடுதலாகக் கட்டுவது 5,000. அப்போது கைக்காசு போட்டு மாற்றுவதே கெட்டிக்காரத்தனம். கதவும் வளைந்து செலவு 15,000-ஐத் தொட்டால் தயங்காமல் க்ளெய்ம் எடுங்கள். எடுப்பதாக இருந்தால் வேலையைத் தொடங்குமுன் கம்பெனிக்குச் சொல்லுங்கள். மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினால் சிக்கல். உள்ளே இருந்த லேப்டாப்புக்குச் சாதாரண கார் பாலிசி பொறுப்பேற்காது.

ஒர்க் ஷாப்பிலும் விவரமாக நில்லுங்கள். பக்கக் கண்ணாடியை அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றைப் பீய்ச்சி உறைய வைத்திருப்பார்கள். மேல்தோல் இறுகி, உள்ளே இழுவிசை அடைபட்டிருக்கும். மேல்தோலில் ஓர் இடம் பிளந்தாலும் அடைபட்ட விசை முழுதும் விடுபட்டு, மொத்தக் கண்ணாடியும் கற்கண்டாக உதிரும். கத்தி போன்ற துண்டுகள் முகத்தைக் கிழிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முன்கண்ணாடி இரண்டு தகடுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏட்டால் ஒட்டியது, ஆகவே விரிசல் விட்டாலும் நிற்கும். உதிர்ந்த சில்லுகளில் பாதி கதவின் வயிற்றுக்குள் கிடக்கும். பவர் விண்டோ சுவிட்சைத் தொடாதீர்கள். கதவின் உள்பலகையைக் கழற்றி, வேக்குவம் போட்டு, அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபடாமல் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்தால் மழைநீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். பீடிங் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். புதுக் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

உங்களுக்கு இதெல்லாம் புரியாத வித்தையா என்ன? செயின்ட் கோபெய்னின் கண்ணாடி ஆலை 2000-இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் உலை மூட்டி வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஆசாஹி இந்தியா கார் கண்ணாடி செய்கிறது, 1998 முதல் ஹூண்டாய் கார் செய்கிறது. ஒரகடத்திலிருந்து லாரியும் காரும் புல்லட்டும் நாடெங்கும் போகின்றன. இந்த தேசத்தின் வண்டிகளுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர்கள் நீங்கள். ஒரு திருட்டுப் பயல் உடைத்த கண்ணாடியின் முன்னால் செய்வதறியாமல் நிற்கவேண்டியவர்கள் அல்ல.

போன மாதம் உடைந்தது, போன வருஷம் உடைந்தது, இனி என்ன என்று சொல்லாதீர்கள். மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் ஏற்க மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் அறை நண்பரையோ சக டிரைவரையோ அழைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறைக்காரருக்கு நடந்திருந்தால் நீங்களே துணைக்குக் கிளம்புங்கள். இந்த வார ஓய்வு நாளிலேயே போங்கள். புகாரைக் கொடுங்கள். ரசீது கைக்கு வராமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள்.