அச்சம் காட்டி அறம் வளர்க்கலாமா?

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள பனமலையில் கடல் இல்லை. குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலும், கீழே ஏரியும் உண்டு. ஆயினும் மீன்காரரின் கூடையிலும் சந்தைக் கருவாட்டிலுமாகக் கடல் இவ்வூர்ப்பக்கம் வந்து சேர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். ஒரு சிறு சுறாவகைக்குப் 'பால் சுறா' என்றே பெயர். இந்நம்பிக்கையால் ஆங்கிலத்திலும் அதே பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இப்பகுதிப் பெண்கள் சிலரிடம் ஒருமுறை நாம் சுறாவைப் பற்றிப் பேச நேர்ந்தது. உள்ளபடியே நமக்கிருந்த கவலை, அழிந்துவரும் சுறாவைப் பற்றியது. ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்பார் என்று எண்ணி, "சுறாவில் பாதரசம் இருக்கிறது, குழந்தைக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னோம். உடனே ஒரு தாய் கேட்டார்: "அப்படியானால் கடல்மீன் எதுவுமே ஆகாதா?" அவர் முகத்தில் கண்ட அச்சம் நம்மை உறுத்தியது. நல்ல நோக்கத்துக்காக ஒருவரின் அச்சத்தைப் பயன்படுத்துவது முறையா?

நாம் சொன்னது பொய்யன்று. கடலில் சேரும் பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி, நெடுநாள் வாழ்ந்து பிறமீனை உண்ணும் சுறாவின் தசையில் மிகுதியாகத் தங்குகிறது. சமைத்தாலும் அது நீங்காது. தாயின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையைத் தாக்க வல்லது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சிறுவரும் சுறா உண்ண வேண்டாம் என்று அமெரிக்க அரசு 2004இல் அறிவுறுத்தியது. நம் வீடுகளில் யாருக்கென்று தேடிச் சமைக்கிறோமோ, அவருக்கே இந்த எச்சரிக்கை!

ஆனால் பாதி உண்மையும் பொய்ச்சான்றாகக் கூடும். எல்லாச் சுறாவிலும் பாதரசம் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிதும் முதியதுமானதில் மிகுதி, சிறியதில் குறைவு. மத்தியிலும் நெத்திலியிலும் அது மிகக் குறைவு. அவை தாய்க்கும் சேய்க்கும் நல்லுணவு. இதை நாம் சொல்லாமல் விட்டதால், அந்த ஏழைத்தாய் எல்லா மீனையும் விலக்கியிருந்தால், அவரது தட்டிலிருந்து சத்தை எடுத்த பழி யாரைச் சாரும்?

சப்பானின் மினமாட்டாவை நினைத்துப் பார்ப்போம். அங்கே சிசோ நிறுவனம் பாதரசக் கழிவைக் கடலில் கலந்தது. 1956இல் நோய் வெளிப்பட்டது. ஆலைக் கழிவை உண்ட பூனைக்கு அதே நோய் வந்ததை 1959இல் நிறுவனத்தின் மருத்துவரே கண்டார், அது மறைக்கப்பட்டது. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல்தான். அங்கே ஆதாயத்துக்காக உண்மையை மறைத்தார்கள். நன்மைக்காக உண்மையை வளைப்பவர் தம்மை வேறானவராக எண்ணலாம். எனினும் எட்டாம் கட்டளை இருவருக்கும் பொதுவே. நன்மை விளையத் தீமை செய்யலாம் என்னும் வாதத்தைப் பவுலடியார் உரோமையர் திருமுகத்தில் தள்ளியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. நாளை கடல் தூய்மையாகிச் சுறாவில் பாதரசமே இல்லாமற்போனால் அதை வேண்டுமளவு பிடித்துத் தின்னலாமா? அச்சத்தின்மேல் கட்டிய அறம் அச்சம் நீங்கும் நாளில் இடிந்துவிடும். சுறா மெல்ல வளர்ந்து, காலந்தாழ்த்திப் பருவமடைந்து, சில குட்டிகளையே ஈனும். பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பின் அரை நூற்றாண்டில் 71 விழுக்காடு குறைந்தன என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் நாட்டிலும் 2001 முதல் சில சுறாவினங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒவ்வோர் உயிருக்கும், நமக்குப் பயன்படுவதற்கு அப்பாலும், இறைவன் முன் மதிப்புண்டு என்பது திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தந்த சுற்றுமடலின் போதனை. சுறாவைக் காக்க இக்காரணம் போதும். தாயின் அச்சத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் இறைச்சியை விலக்குகிறோம். இறைச்சி நஞ்சு என்று சொல்லியா திருச்சபை நம்மை அழைத்தது? நல்லது என்று அறிந்தே, அன்பின் பொருட்டு விட்டுக்கொடுக்கக் கற்பித்தது. அன்புக்காக ஓர் உணவை விலக்கத் தெரிந்த மக்களிடம் சுறாவுக்காகவும் நேராகவே கேட்கலாம்.

அந்தத் தாயிடம் மீண்டும் சென்றோம். பாதரசத்தைப் பற்றி முழுவதும் சொன்னோம். மத்தி, நெத்திலியைச் சொன்னோம். பிறகு, சுறா அழிந்துவருவதையும் தனியே சொன்னோம். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார். கேட்கமாட்டார் என்று நாமே தீர்மானித்திருந்தோம். பிறர் மனச்சான்றை நம்பாத அந்தத் தீர்மானமே நம் முதற் குற்றம்.